ஹெல்பருக்குள் ஒளிந்திருந்த நிர்வாகி

ரூபி என்ற நிரல்மொழியில் எழுதிய செயலி ஒன்றில், சாதாரண உறுப்பினர்களால் தாங்கள் போட்ட இன்வாய்ஸையே திருத்த முடியவில்லை. வாடிக்கையாளர்கள் புகார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனைகளோ ஒன்று விடாமல் தேறி, பச்சை காட்டிக்கொண்டிருந்தன. ஒரு பகல் முழுக்கத் தேடிய பிறகு, எல்லாச் சோதனைகளும் முதல் வரியில் அழைக்கும் உள்நுழைவு ஹெல்பரை, அதாவது சோதனைகளுக்குப் பொதுவான வேலையைச் செய்யும் துணை மெத்தடை (பெயரிட்ட நிரல் துண்டை), திறந்தேன். அது உருவாக்கிய பயனர், எதையும் திருத்த உரிமையுள்ள ஒரு நிர்வாகி. வேறொரு சோதனையைத் தேறவைக்க எப்போதோ அந்த ஒரு சொல்லை அங்கே சேர்த்தது நான்தான்.

ஹெல்பர் மெத்தடே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. முகவரி, தொலைபேசி எண் என்று சோதனைக்குச் சம்பந்தமில்லாதவற்றை அது விழுங்கட்டும். ஆனால் முடிவு எதைப் பொறுத்திருக்கிறதோ, அது சோதனையிலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும். பயனரின் ரோலை (நிர்வாகியா, உறுப்பினரா என்பதை), இயல்பு மதிப்பு இல்லாத கீவேர்டு ஆர்க்யுமென்டாக, அதாவது அழைக்கும்போது பெயர் சொல்லித் தர வேண்டிய மதிப்பாக, மாற்றினோம். ரூபி 2.1 முதல் இந்த வசதி உண்டு. ரோலைக் குறிப்பிடாமல் அழைத்தால் ரூபியே பிழை எழுப்பிவிடும். ஒவ்வோர் அழைப்பிலும் உரிய ரோலை எழுதி ஓட்டியபோது, இதே தவறு இன்னும் 3 இடங்களில் வெளிப்பட்டது.

பெயரிலும் கவனம் தேவை. ரூபிக்கான சோதனை நூலகமான மினிடெஸ்டில் ஒரு சரிபார்ப்பு தோற்றால், எந்த வரியைக் காட்டுவது என்று அது அழைப்புத் தடத்தில் (எந்த மெத்தடை எது அழைத்தது என்ற பட்டியலில்) தேடும். ‘அசர்ட்’, ‘ரெஃப்யூட்’ என்று தொடங்கும் மெத்தட்களைத் தாண்டி, அவற்றை அழைத்த வரியைக் காட்டும். மொத்தத் தொகையைச் சரிபார்க்கும் ஹெல்பருக்கு ‘செக்_டோட்டல்’ என்று பெயர் வைத்தால், 30 சோதனைகளில் எது விழுந்தாலும் ஹெல்பருக்குள் இருக்கும் அதே வரி எண்தான் வரும். ‘அசர்ட்_டோட்டல்’ என்று மாற்றிப் பாருங்கள். விழுந்த சோதனையின் வரிக்கே நேராகப் போய்விடலாம். நள்ளிரவில் பிழை தேடுபவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது தேடியவருக்குத் தெரியும். ‘டெஸ்ட்_’ என்று மட்டும் ஹெல்பரின் பெயரைத் தொடங்காதீர்கள். மினிடெஸ்ட் அதையும் ஒரு சோதனையாக எடுத்து ஓட்டிவிடும்.

ஆர்ஸ்பெக் என்ற இன்னொரு சோதனை நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள், ஒரே ஹெல்பரில் பல எதிர்பார்ப்புகளை (அதன் சரிபார்ப்புகளை) அடுக்கினால் அவற்றை ‘அக்ரிகேட்_ஃபெயில்யர்ஸ்’ பிளாக்குக்குள் வைக்கலாம். முதல் தோல்வியோடு நின்றுவிடாமல் எல்லாத் தோல்விகளையும் சேர்த்துக் காட்டும்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது ஹெல்பருக்குள் நுழையும் ‘இஃப்’ என்ற நிபந்தனை. இரண்டு கிளைகளில் எது ஓடியது என்று சோதனையைப் படிப்பவருக்குத் தெரியாது. பெரும்பாலும் அந்த ஹெல்பரைச் சோதிக்கத் தனியாகச் சோதனையும் இருக்காது. அப்படி ஒன்றைக் கண்டால், அந்த மெத்தடை அங்கேயே இரண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பெயர் வைத்துவிடுகிறேன். பெயர் எவ்வளவு நீண்டாலும் சரி.