ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் முகம் தெரிந்தால் போதுமா?

ஒரு மணி நேரமும் ஆசிரியரின் முகம் திரையில் தெரிந்தும், அவர் தங்களோடு இருந்ததாகவே மாணவர்களுக்குத் தோன்றாமல் போவதுண்டு. வாரத்துக்கு ஒரு குரல்பதிவு மட்டும் அனுப்பும் ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பதுபோல் தோன்றுவதும் உண்டு. இந்த வேறுபாட்டை ஆசிரியரின் ‘சுபாவம்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது எப்படி உண்டாகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க முடியும், சரிசெய்யவும் முடியும்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் 2000இல் ஒரு கட்டமைப்பை முன்வைத்தார்கள். கணினிவழிக் கல்வியில் சமூக இருப்பு (உண்மையான மனிதர்களாக ஒருவருக்கொருவர் தெரிவது), சிந்தனை இருப்பு (சேர்ந்து யோசித்துப் பொருள் காண்பது), கற்பித்தல் இருப்பு (பாடத்தைத் திட்டமிட்டு வழிநடத்துவது) என்று மூன்று தேவை என்றார்கள். அவர்கள் ஆராய்ந்தது பெரும்பாலும் எழுத்தில் நடந்த உரையாடல்களை. முகமே தெரியாத இடத்திலும் ஆசிரியரின் இருப்பை மாணவர் உணரலாம் என்பதற்கு அதுவே சான்று. நான் ஒன்று செய்தேன், அதைக் கவனித்து அவர் பதில் தந்தார் என்ற அனுபவம்தான் இதன் அடிப்படை. நேரடி வகுப்பில் தலையசைப்பும் பார்வையும் இதை நிமிடத்துக்குப் பலமுறை தந்துவிடுகின்றன. இணையத்தில் அது சில இடங்களில் அறுந்துபோகிறது.

முதல் இடம் பார்வை. கேமரா லேப்டாப்பின் மேல்விளிம்பில் இருக்கிறது. ஆசிரியர் பார்ப்பதோ திரையின் நடுவில் உள்ள முகங்களை. ஸ்டான்ஃபோர்டில் மில்டன் சென் 2002இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் பயன்படும். கண் கேமராவுக்குக் கீழே சுமார் 5 டிகிரி வரை தாழ்ந்தாலும், எதிரில் இருப்பவர் ‘என்னைத்தான் பார்க்கிறார்’ என்றே எடுத்துக்கொள்கிறார். பக்கவாட்டிலோ மேலேயோ 1 டிகிரி விலகினாலே வேறெங்கோ பார்ப்பது தெரிந்துவிடுகிறது. திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 5 டிகிரி என்பது ஏறத்தாழ 5 செ.மீ.; 1 டிகிரி என்பது 1 செ.மீ.தான். ஆகவே மாணவர்கள் தெரியும் ஜன்னலைச் சிறிதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வையுங்கள். புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். 90 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 8 செ.மீ. வரை சலுகை கிடைக்கும். பக்கத்தில் வைத்த இரண்டாவது திரையைப் பார்த்துக்கொண்டே பேசுவதுதான் மிக மோசமான ஏற்பாடு.

இரண்டாவது இடம் தாமதம். பத்து மொழிகளின் பேச்சை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக 200 மில்லிநொடி இடைவெளிதான் இருந்தது. இணைய அழைப்பிலோ குரல் ஒருபக்கம் போய்ச் சேரவே அவ்வளவு நேரம் பிடிக்கலாம். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 2014இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டது இன்னும் கவலை தருவது: இணைப்பு தாமதமானால், மறுமுனையில் இருப்பவரே கவனமில்லாதவர் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் தவறாக எடைபோடுவதற்கு நெட்வொர்க்கே காரணமாகிவிடும். கேபிளில் இணையம், வயர் வைத்த ஹெட்செட் இரண்டும் இதைக் குறைக்கும். சாதாரண ப்ளூடூத் தன் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும். படம் மங்கினாலும் பரவாயில்லை, குரல் உடையக் கூடாது. இணைப்பு திணறும்போது முதலில் வீடியோவை நிறுத்துங்கள்.

இந்தத் தாமதத்தோடு மியூட் பட்டனும் சேர்ந்துகொள்கிறது. “புரிஞ்சுதா?” என்று கேட்டு ஒரு நொடியில் அடுத்த ஸ்லைடுக்குத் தாவினால், பேச நினைத்த மாணவருக்கு மியூட்டை எடுக்கக்கூட நேரமிருக்காது. நேரடி வகுப்புகளிலேயே ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன என்றும் 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். ஆன்லைனில் பேச்சுக்கு 10 நொடி, டைப் செய்ய 30 நொடி கொடுக்கலாம். கேள்வியையும் மாற்ற வேண்டும். “இந்தச் சமன்பாட்டில் எந்த வரி தவறு? சாட்டில் எழுதுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்” என்று சொல்லிவிட்டு, பிறகு எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். முந்திக்கொள்ளும் இரண்டு பேரைப் பார்த்து மற்றவர்கள் காப்பியடிக்க முடியாது. வந்தவற்றில் மூன்றைப் பெயர் சொல்லிப் படித்து, அந்தப் பதிலிலிருந்தே பாடத்தைத் தொடருங்கள். பெயரை மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்தால் அது அட்டெண்டன்ஸ்தான்.

கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், கேமராவை அணைத்ததற்கு மற்ற எதையும்விட அதிகம் பேர் சொன்ன காரணம் தங்கள் தோற்றம் பற்றிய தயக்கம். வீடும் வீட்டாரும் பின்னால் தெரிவது, இணைப்பு பலவீனம் ஆகியவையும் காரணங்களாக வந்தன. ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கட்டளை தண்டனையாகிவிடும்.

உறவை உண்மையில் வளர்ப்பது, மாணவர் எழுதியதற்கு ஆசிரியர் தரும் பதில். 60 முதல் 90 நொடி வாய்ஸ் நோட் போதும். அதில் மாணவரின் பெயர், அவர் எழுதியதில் குறிப்பிட்ட ஓர் இடம், மாற்ற வேண்டிய ஒரே விஷயம் மூன்றும் இருக்கட்டும். 40 பேருக்கும் வாராவாரம் என்றால் ஒரு மணி நேரம் ஆகும். அதை யாராலும் நீண்டநாள் தொடர முடியாது. வாரம் 10 பேர் என்று சுழற்றினால் 15 நிமிடம்தான், மாதத்துக்குள் எல்லோருக்கும் முறை வந்துவிடும். ‘நல்ல முயற்சி’ என்ற ஒரே வரியை எல்லோருக்கும் ஒட்டினால், மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த அன்றே நம்பிக்கை போய்விடும். எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வரும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். எட்டு மணி நேரம் என்று சொல்லித் தவறுவதைவிட, இரண்டு நாள் என்று சொல்லிக் காப்பாற்றுவது மேல்.

ஆனால் எல்லா இடத்திலும் முதலில் பதில் சொல்வது உதவாது. ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில், இணையவழி வானியல் பாடங்களின் விவாதப் பக்கங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். ஆசிரியர் அதிகம் எழுதிய இடங்களில் மாணவர்கள் குறைவாக எழுதினார்கள், உரையாடல்களும் சீக்கிரம் முடிந்தன. அதே ஆசிரியரை ஆர்வமுள்ளவர், விஷயம் தெரிந்தவர் என்று மாணவர்கள் மதிப்பிடவும் செய்தார்கள். தேதி, மதிப்பெண், தொழில்நுட்பச் சிக்கல் பற்றிய கேள்விகளுக்கு உடனே பதில் தாருங்கள். பாடத்தைப் பற்றிய கேள்வியென்றால் இரண்டு மாணவர்களாவது எழுதும்வரை பொறுத்திருந்து, அவர்கள் இருவரும் எங்கே முரண்படுகிறார்கள் என்பதைச் சுட்டி அடுத்த கேள்வியைப் போடுங்கள். தவறான தகவல் பரவத் தொடங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.