நங்கூரக் கயிற்றின் முனையில் ஒரு வீடு

2017 செப்டம்பர் 6 அன்று பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் மேல் இர்மா சூறாவளி ஏறியபோது அதன் காற்று மணிக்குச் சுமார் 285 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. அங்கே டோர்டோலா தீவில் பராகீட்டா என்றொரு காயல் இருக்கிறது. சுற்றிலும் கண்டல் மரங்கள், பெரிய அலை நுழைய முடியாத வாய். புயல் வருகிறது என்றால் படகுகளைக் கொண்டுபோய் ஒதுக்கும் இடம் அது. அன்றும் நூற்றுக்கணக்கான படகுகள் அங்கே நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. புயல் கடந்தபின் அவற்றில் பெரும்பாலானவை கரையோரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. கட்டுமரம் என்ற நம் சொல்லிலிருந்து பெயர் பெற்ற கேட்டமரான்கள், அதாவது இரட்டை உடல் படகுகள், பல தலைகுப்புறக் கவிழ்ந்திருந்தன.

கரீபியக் கடலில் பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு வாழ்பவர்கள் பலர். ஜூன் முதல் நவம்பர் வரையிலான சூறாவளிப் பருவத்தில் அவர்களில் கணிசமானோர் தெற்கே கிரெனடா பக்கம் இறங்கிவிடுவார்கள். 12 பாகை அட்சரேகைக்குக் கீழே சூறாவளி வருவது அரிது. ஆனால் 2004இல் ஐவன் அங்கேயும் வந்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் கிரெனடாவின் கரியாகூ தீவையே மிதித்துச் சென்றது. ஓடி ஒளிய நேரமில்லாதபோது படகு நின்ற இடத்திலேயே தாங்கியாக வேண்டும். எப்படித் தாங்குகிறது?

முதலில் காற்றின் கணக்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று, எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பைத் தோராயமாக 17 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. 120இல் அது 68 கிலோ. 240இல் 270 கிலோவுக்கு மேல். முன்முனையைக் காற்றுக்குக் காட்டி நிற்கும் 12 மீட்டர் படகு, பாய்மரமும் கம்பிகளும் சேர்த்துப் பத்து சதுர மீட்டர் பரப்பைக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் 2.7 டன் இழுவை. அதனால்தான் புயலுக்கு முன் பாய்களை, சுருட்டி வைத்திருப்பவற்றையும் சேர்த்து, கழற்றி உள்ளே வைக்கிறார்கள். நிழல் துணி, சூரியத் தகடு, எதையும் விடுவதில்லை. கழற்றிய ஒவ்வொரு முழமும் நங்கூரத்துக்குக் குறைந்த சுமை.

இந்த இழுவை படகிலிருந்து கயிற்றுக்கும், கயிற்றிலிருந்து சங்கிலிக்கும், சங்கிலியிலிருந்து நங்கூரத்துக்கும், கடைசியில் கடலடிச் சேற்றுக்கும் போய்ச் சேர வேண்டும். கனமான இரும்புச் சங்கிலிதான் இதில் பெரிய பாதுகாப்பு என்று தோன்றும். சாதாரண நாளில் அது உண்மை. சங்கிலி தன் எடையால் தொய்ந்து தரையில் கிடக்கிறது. படகு இழுத்தால் மெல்ல நிமிர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. சூறாவளியில் இந்தத் தொய்வு காணாமல் போய்விடுகிறது. 50 மீட்டர் நீளமுள்ள 10 மில்லிமீட்டர் சங்கிலியை 2.7 டன் விசை இழுத்தால், நடுவில் எஞ்சும் தொய்வு ஒரு சாண்தான். பிறகு அது ஒரு இரும்புக் கம்பி, வளைந்து கொடுக்காது.

வளைந்து கொடுக்காததுதான் ஆபத்து. பத்து டன் படகு ஓர் அலையில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பின்னால் போகிறது என்போம். குழந்தையின் நடை வேகம்தான். அதை ஐந்து சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால் பத்து டன் விசை தேவை. ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் அரை டன் போதும். அந்த ஒரு மீட்டரைத் தருவது நைலான் கயிறு. கனத்த இழுவையில் பத்து மீட்டர் நைலான் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு, பிறகு மீளும். படகைக் காப்பாற்றுவது இரும்பைவிட இந்த நெகிழ்ச்சிதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நெகிழ்ச்சிக்கும் விலை உண்டு. கயிறு படகின் விளிம்பைத் தாண்டும் இடத்தில், ஒவ்வொரு நீளலிலும் சுருங்கலிலும் உரசுகிறது. ஓர் இரவில் ஆயிரக்கணக்கான உரசல்கள். உள்ளேயும் இழைகள் ஒன்றோடொன்று தேய்ந்து சூடேறுகின்றன. உரசலைத் தடுக்கக் கயிற்றின்மேல் ரப்பர் குழாய் மாட்டுவது பழைய வழக்கம். ஆனால் குழாய்க்குள் மழைநீர் சரியாகப் புகாததால் கயிறு குளிர வழியில்லை. அறுந்த கயிறுகளின் முனை உருகிக் கட்டியாகியிருப்பதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நீர் ஊடுருவும் நெய்த துணி உறை மேலானது. விளிம்பைத் தாண்டும் பகுதிக்கு மட்டும் அதிகம் நீளாத பாலியெஸ்டர் கயிற்றைப் போட்டு, அதற்கு அப்பால் நைலானை இணைப்பது இன்னும் நல்ல ஏற்பாடு.

அடுத்து, கடல் உயர்கிறது. நான்கு மீட்டர் ஆழத்தில், நீருக்கு ஒரு மீட்டர் மேலே உள்ள முன்முனையிலிருந்து 50 மீட்டர் சங்கிலி விட்டால், கடலடியிலிருந்து முன்முனை வரையுள்ள ஐந்து மீட்டர் உயரத்துக்கு நீளம் பத்து மடங்கு. இழுவை ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கும், நங்கூரம் சேற்றில் இன்னும் ஆழமாகப் புதையும். புயல் எழுப்பும் கடல் மூன்று மீட்டர் உயர்ந்தால் அந்தப் பத்து மடங்கு ஆறேகாலாகச் சுருங்குகிறது. நங்கூரத்தை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இன்றைய ஆழத்தை அளந்து சங்கிலி விட்டவர் நாளைய கடலிடம் தோற்றுப்போகிறார்.

இங்கேதான் கண்டல் காடு உதவுகிறது. நாம் அதற்கு அலையாத்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். அது செய்யும் வேலையையே பெயராகக் கொண்ட சொல். பெரிய அலை எழக் காற்றுக்கு நீண்ட நீர்ப்பரப்பு வேண்டும். சில நூறு மீட்டர் அகலமே உள்ள ஓடையில் எவ்வளவு காற்றடித்தாலும் அலை சிறியதாகவே இருக்கும். பிச்சாவரத்துச் சுரபுன்னையின் இனத்தைச் சேர்ந்த செங்கண்டல் கரீபிய ஓடைகளில் மண்டிக் கிடக்கிறது. படகின் முன்முனையை அந்த மரங்களுக்குள் செருகி, சிலந்தி வலைபோலப் பத்துப் பதினைந்து கயிறுகளைக் கட்டுகிறார்கள். அத்தனை மரங்களும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன, எல்லாம் சற்றே வளைகின்றன. எங்கும் இது அனுமதிக்கப்படுவதில்லை. அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் ஜானில், கண்டல் வேர்களிலும் பவளங்கள் வளரும் ஒரு விரிகுடாவில், மரத்தில் கயிறு கட்டக் கூடாது.

பராகீட்டாவிலும் கண்டல் இருந்ததே என்று கேட்கலாம். அலை அங்கே பெரிதாக எழவில்லை; ஆனால் அந்த வேகத்தில் காற்று மட்டுமே போதும். அருகருகே நின்றவற்றில் ஒன்று அறுந்தால் அது அடுத்ததன் மேல் விழுகிறது. உங்கள் நங்கூரம் பிடித்தால் மட்டும் போதாது, காற்று வரும் பக்கம் உங்களுக்கு முன்னால் நிற்பவரின் நங்கூரமும் பிடிக்க வேண்டும்.

ஆகவே, கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு மனிதர்கள் கரையேறிவிட வேண்டும். வீட்டை விட்டுப் போக மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் அந்தக் காற்றில் தளத்தில் நிற்க முடியாது. மழையும் தெறிக்கும் கடல்நீரும் முகத்தில் அறைய, நீச்சல் கண்ணாடியும் நீச்சல்காரர்கள் வாயில் வைக்கும் மூச்சுக் குழாயும் இல்லாமல் கண் திறக்கவோ மூச்சு விடவோ முடிவதில்லை. உள்ளே இருப்பவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

தங்கிவிட்டவர்களை ஏமாற்றுவது புயலின் கண். வட அரைக்கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்வதால், கிழக்கிலிருந்து வரும் புயல் முதலில் வாடையாக, வடக்கிலிருந்து அடிக்கிறது. கண் நேர் மேலே வந்ததும் காற்று விழுந்துவிடுகிறது, சில சமயம் வானமும் தெரிகிறது. முப்பது கிலோமீட்டர் அகலக் கண் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், அதன் நடுவில் இருப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். ஓரத்தில் இருப்பவருக்குச் சில நிமிடங்கள். அனுபவசாலிகள் அந்த நேரத்தில் முன்முனைக்கு ஓடி, கயிற்றை இரண்டு சாண் தளர்த்தி, தேயாத புதிய பகுதியை விளிம்பில் உட்காரவைக்கிறார்கள். கண்ணைச் சூழ்ந்த காற்றுச் சுவரின் மறுபக்கம் வரும்போது காற்று தெற்கிலிருந்து, அதே வெறியோடு அடிக்கும். வடக்குக் காற்றைத் தாங்கப் புதைந்திருந்த நங்கூரம் அப்போது பின்பக்கமாக இழுபட்டுச் சேற்றிலிருந்து கிளம்புகிறது. மூன்று நங்கூரங்களை மூன்று திசையில் போட்டு நடுவில் ஒரு சுழல் வளையத்தில் இணைத்தவர்களின் படகு மட்டும் அந்த வளையத்தைச் சுற்றித் திரும்பி, இன்னொரு நங்கூரத்தின் பிடியில் நிற்கிறது.