டேக் எ நீ: மண்டியிட்டார்களா, முட்டி போட்டார்களா?

2021 அக்டோபர் 24, துபாய். டி20 உலகக் கோப்பையில் இந்தியா பாகிஸ்தான் ஆட்டம். முதல் பந்து விழுவதற்கு முன்னால் ரோகித் சர்மாவும் கே.எல். ராகுலும் ஒரு காலை மடக்கி முட்டியைத் தரையில் ஊன்றினார்கள், எல்லைக்கோட்டுக்கு வெளியே மற்ற இந்திய வீரர்களும் அப்படியே செய்தார்கள், பாகிஸ்தான்காரர்கள் நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா, "என்னடா, டாஸ் தோத்ததுக்கே மண்டி போட்டுட்டாங்க?" என்றார். அன்று ராத்திரி பாகிஸ்தான் ஒரு விக்கெட்கூட இழக்காமல் 152 அடித்து முடித்ததும் டிவியை அணைத்துவிட்டு, "இப்பதான்டா நிஜமா மண்டி போட்டிருக்காங்க" என்றார்.

மாமா கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் தமிழில் இந்தச் செய்கையைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் உள்ள சிக்கல் அந்த இரண்டு வாக்கியங்களிலேயே இருக்கிறது. நிறவெறிக்கு எதிராக ஒருவர் செய்யும் செயலுக்கும், பத்து விக்கெட் வித்தியாசத்தில் உதை வாங்குவதற்கும் நம்மிடம் ஒரே சொல். 'மண்டியிட்டது இந்தியா' என்று தலைப்புப் போட்டால் எதைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் இதை 'டேக் எ நீ' என்கிறார்கள். (தமிழ் எழுத்தில் எழுதினால் அந்த 'நீ' நம்மையே கூப்பிடுவது போல இருக்கிறது, என்ன செய்ய.) நாற்காலியைக் காட்டி 'டேக் எ சீட்' என்றால் 'உட்காருங்கள்' என்றுதானே பொருள், 'ஓர் இருக்கையை எடுங்கள்' என்றில்லையே. அதே மாதிரிதான் இதுவும். முழங்காலைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீனில் 'கெனு', கிரேக்கத்தில் 'கொனு', சமஸ்கிருதத்தில் 'ஜானு' என்று சொந்தக்காரர்கள் உண்டு, எல்லாம் ஒரே வேர். ஜானு நமக்கும் தெரிந்தவர்தான். 'ஆஜானுபாகுவான ஆள்' என்கிறோமே, கை முழங்கால் வரைக்கும் நீண்டவன் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவர்களைப் பார்த்தால் அந்தச் சொல்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும்.

'டேக் எ நீ' அந்த ஆட்டத்தில் பல காலமாகப் புழங்கும் சொல், தேசிய கீதத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பயிற்சியாளர் பையன்களைச் சுற்றிலும் கூட்டி 'டேக் எ நீ' என்றால், ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்து நான் சொல்வதைக் கேளுங்கள் என்று பொருள். எதிரணிக்காரன் அடிபட்டுக் கிடந்தால் மற்றவர்கள் முட்டி ஊன்றிக் காத்திருப்பார்கள். ராணுவத்தில் நடைபயணத்தின் நடுவே இதே கட்டளை வந்தால், கொஞ்சம் இளைப்பாறு.

இன்னொரு பொருள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆட்டம் முடியச் சில நொடிகளே பாக்கி, நம் அணி முன்னிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பந்தை வாங்கி வியூகம் நடத்தும் குவார்ட்டர்பேக் ஓடுவதில்லை, எறிவதில்லை, பந்தைப் பிடித்தபடி பேசாமல் ஒரு முட்டியைத் தரையில் வைத்துவிடுவார். கடிகாரம் ஓடிவிடும், ஆட்டம் முடிந்தது. 1978 நவம்பர் 19 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-12 என்று முன்னிலையில் இருந்தபோது இதைச் செய்யாமல் பந்தைக் கைமாற்றப் பார்த்தது. பந்து நழுவியது, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடிப்போய் 19-17 என்று ஆட்டத்தையே பறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு முட்டி ஊன்றுவது எல்லா அணிகளுக்கும் வழக்கமாகிவிட்டது, அப்படி நிற்கும் வரிசைக்கு 'வெற்றி வியூகம்' என்றே பெயர். ஆக அந்த ஆட்டத்தில் மண்டி போடுகிறவன் ஜெயித்தவன். மாமாவிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்.

இப்போது 2016க்கு வருவோம். சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்நிக், பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் தேசிய கீதம் பாடும்போது எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான். முதல் இரண்டு முறை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 26, கிரீன் பே பேக்கர்ஸ் ஆட்டத்தில்தான் கண்ணில் பட்டது. கேட்டதற்கு, கறுப்பின மக்களை ஒடுக்கும் ஒரு நாட்டின் கொடிக்குப் பெருமையோடு எழுந்து நிற்க முடியாது என்றார். போலீஸ்காரர்கள் செய்யும் கொலைகளைப் பற்றித்தான் பேசினார். ஆனால் நாடு முழுக்க ராணுவத்தை அவமதித்துவிட்டான் என்று கத்த ஆரம்பித்தது.

நேட் போயர் என்பவர் அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்தவர், கொஞ்ச நாள் சியாட்டில் சீஹாக்ஸ் அணியிலும் தலைகாட்டியவர். அவர் கேப்பர்நிக்குக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். கோபம் இருந்தது, ஆனால் வசை இல்லை. கேப்பர்நிக் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். உட்காராதே, ஆனால் நிற்கவும் வேண்டாம், முட்டி ஊன்று, செத்துப்போன தோழனின் கல்லறை முன்னால் நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்று போயர் யோசனை சொன்னார். 2016 செப்டம்பர் 1, சான் டியேகோ. ராணுவத்தினரைக் கௌரவிப்பதற்கென்றே ஒதுக்கிய இரவு அது. கேப்பர்நிக்கும் அவருடைய அணித்தோழர் எரிக் ரீடும் ஒரு முட்டியை ஊன்றினார்கள், பக்கத்தில் போயர் நெஞ்சில் கை வைத்து நின்றார். அடுத்த வருஷம் ரீட் ஒரு கட்டுரையில், மரியாதையான செய்கை என்பதால்தான் முட்டி ஊன்றுவதைத் தேர்ந்தெடுத்தோம், துயரத்துக்கு அரைக்கம்பத்தில் பறக்கும் கொடி மாதிரி என்று எழுதினார்.

அரைக்கம்பம் என்ற அந்த ஒப்புமை போதும். கொடியை இறக்கிவிடவில்லை, முழுக்க ஏற்றவும் இல்லை. நிற்பதற்கும் உட்காருவதற்கும் நடுவில், ஒரு முன்னாள் ராணுவ வீரரோடு பேசி எடுத்த இடம் அது. தமிழில் நாம் தேடும் சொல் இந்த நடுவைத் தொட வேண்டும்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? மண்டியிடுதல், மண்டி போடுதல், முட்டி போடுதல், முழந்தாளிடுதல், முழங்காற்படியிடுதல். காய்கறி மண்டி, எண்ணெய்க்கு அடியில் தங்கும் மண்டி, புதர் மண்டிக் கிடப்பது எல்லாம் வேறு, அதையெல்லாம் இதில் சேர்க்க வேண்டாம்.

முட்டி போடுவது பள்ளிக்கூடச் சொல். ஏழாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாததற்காக வகுப்புக்கு வெளியே மணலில் நான் முட்டி போட்டிருக்கிறேன். மணல் என்றால் மெத்தென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள், அடியில் சின்னச் சின்னச் சரளை, எழுந்த பிறகும் அது தோலில் பதிந்தே இருக்கும், தட்டினால் ஒவ்வொன்றாக உதிரும். இங்கிலீஷ் மீடியத்தில் இதையே 'நீல் டவுன்' என்பார்கள், இலங்கையில் 'முழங்காலில் நிற்க விடுவது'. மூன்றிலும் இரண்டு முட்டியும் தரையில் இருக்க வேண்டும், ஒன்றைத் தூக்கினால் அதற்கு வேறு அடி. தண்டனையின் வாடை இதிலிருந்து போகவே போகாது.

முழந்தாளிடுதல், முழங்காற்படியிடுதல் இரண்டும் தேவாலயச் சொற்கள். முழம் + தாள், இதில் தாள் என்பது கால், 'நற்றாள்' என்று குறளின் இரண்டாம் பாட்டிலேயே வருகிறது. அழகான சொல், அவமானம் ஒட்டாத சொல். ஆனால் கேட்டதும் ஜெபம்தான் நினைவுக்கு வருகிறது. முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. 1965 பிப்ரவரியில் செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங் கைதுகளுக்கு நடுவே ஒரு முட்டியை ஊன்றி ஜெபிக்கும் புகைப்படம் இருக்கிறது, கேப்பர்நிக் பற்றிப் பேசியபோதெல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

மண்டியிடுதல்தான் செய்தித்தாள்களின் சொல். அதற்குப் பரதநாட்டியத்தில் நல்ல வாழ்க்கை உண்டு. அரைமண்டி, முழுமண்டி என்று வருஷக்கணக்கில் பழகும் நிலைகள் அவை, அங்கே யாரும் யாரிடமும் தோற்கவில்லை. மேடையை விட்டு இறங்கி அரசியலுக்கு வந்தால்தான் கதை மாறுகிறது. 'டெல்லியிடம் மண்டியிடமாட்டோம்' என்பதைக் கேட்காத தமிழன் உண்டா? அங்கே அதற்கு சரணாகதி என்ற ஒரே பொருள்தான். யாரிடம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது, தமிழில் வெறுமனே மண்டியிட முடியாது, ஒருவரிடம்தான் மண்டியிட வேண்டும்.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் செய்கை மற்ற நாட்டு மைதானங்களுக்கும் பரவிய 2020இல், பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த டொமினிக் ராப், இது அடிபணிவதன் அடையாளமாகத் தெரிகிறது, மகாராணிக்கும் மனைவியிடம் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் மட்டும்தான் நான் முட்டி ஊன்றுவேன் என்றார். அவர் சொன்னபோது எரிச்சலாக இருந்தது. ஆனால் இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் கால்பந்து அணி வீரர் வில்ஃபிரட் ஸாஹா 2021இல் அதே இடத்துக்கு வேறு வழியாக வந்தார். கறுப்பினத்தவன் என்பதில் பெருமைப்படச் சொல்லித்தான் என் பெற்றோர் வளர்த்தார்கள், நாம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று சொல்லி, பிரீமியர் லீக்கில் எல்லோரும் முட்டி ஊன்றும்போது அவர் நின்றார். ஸாஹாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் மாமாவோடு நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். இந்தச் சண்டை முழுவதும் 'பேச்சுரிமை' என்ற பெயரில்தான் நடந்தது. கேப்பர்நிக் மைதானத்தில் பேசவே இல்லை! வாயைத் திறக்காமல் செய்ததற்குப் பேச்சுரிமை என்றால் இடிக்கிறது, கருத்துரிமை என்றால் சரியாக உட்காருகிறது. அப்புறம், அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டிப்போடுவது அரசாங்கத்தைத்தான், முதலாளியை அல்ல. 1943இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், கொடிக்கு வணக்கம் வை என்று அரசுப் பள்ளி ஒரு குழந்தையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. (இங்கேயும் 1986இல், மரியாதையாக எழுந்து நின்று பாடாமல் மட்டும் இருந்த கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தப்பு என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.) ஆனால் ஃபுட்பால் அணி தனியார் சொத்து. 2017 செப்டம்பரில் அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில் நகரில் நடந்த கூட்டத்தில் ஜனாதிபதி டிரம்ப், முட்டி ஊன்றுகிறவனை மைதானத்தை விட்டு விரட்டு, வேலையை விட்டுத் தூக்கு என்று கெட்ட வார்த்தையோடு அணி முதலாளிகளுக்குச் சொன்னபோதுதான் கோடு மங்கியது, ஜனாதிபதி சொல்லி முதலாளி செய்தால் அது யார் செய்தது? அந்த ஞாயிற்றுக்கிழமை 200 பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள் அல்லது முட்டி ஊன்றினார்கள். கேப்பர்நிக் அதற்கு முன்பே வெளியே. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து விலகியவரை அதற்குப் பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை. கூட்டுச் சேர்ந்து ஒதுக்குகிறார்கள் என்று அவர் கொடுத்த புகார் 2019 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது.

இதற்கு நேர் எதிரான கதை, மறுபடியும் துபாயில். இந்தியா தோற்ற இரண்டாம் நாள், தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் தன் வீரர்கள் எல்லோரும் முட்டி ஊன்றியே ஆக வேண்டும் என்று ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால் உத்தரவு போட்டது. குவின்டன் டி காக் ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார். ஏச்சு ஏகமாக விழுந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டு அடுத்த ஆட்டத்தில் ஊன்றினார். அவரைப் பிடிக்கிறதோ இல்லையோ, உத்தரவு போட்டு முட்டி ஊன்ற வைத்தால் அதற்குத் தமிழில் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது, நீல் டவுன்.

என் பரிந்துரை 'ஒற்றைக்கால் மண்டி'. ஒரு முட்டிதான் தரையில் என்பது அதிலேயே வந்துவிடுகிறது, தண்டனையிலிருந்தும் ஜெபத்திலிருந்தும் தள்ளி நிற்கிறது. அதைவிட முக்கியம், 'ஒற்றைக்காலில் நிற்கிறான்' என்றால் பிடிவாதக்காரன் என்று நமக்குத் தெரியும். சைக்கிள் வாங்கித் தந்தால்தான் ஆயிற்று என்று ஒற்றைக்காலில் நிற்கும் பிள்ளையின் அடம் அந்தச் சொல்லில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரட்டும். வினையாக, 'ஒற்றைக்கால் மண்டியிட்டார்', அல்லது பேச்சுவாக்கில் 'ஒரு முட்டியை ஊன்றினார்'. நான் இந்தக் கட்டுரை நெடுக இரண்டாவதைத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், உறுத்தியிருக்காது என்று நினைக்கிறேன். 'யாரிடம்' என்று கேட்க வைக்கும் 'இடம்' வேற்றுமையைச் சேர்க்காமல் 'கீதத்தின்போது', 'ஆட்டத்துக்கு முன்' என்று எழுதினால் சரணாகதி வாடை பாதி போய்விடும்.

பத்திரிகையில் வேலை பார்க்கும் நண்பனிடம் இதைச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு பத்தித் தலைப்புல அது அடங்காது, 'மண்டியிட்டனர்'னாதான் அடங்கும்" என்றான்.