மாடியில் சோலார் போடும் முன் கரண்ட் பில்லில் யார் பெயர் என்று பாருங்கள்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டுவிட்டு எட்டு மாதம் மானியத்துக்கு அலைந்தார். கரண்ட் பில் இறந்துபோன கணவர் பெயரில், வங்கிக் கணக்கு அந்த அம்மா பெயரில். "அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்மா" என்று சொல்லி ஏஜெண்ட் முழுப் பணத்தையும் வாங்கிப் போய்விட்டார். இன்னொரு குடும்பம் இப்படி அலையக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்யகர் இலவச மின்சாரத் திட்டத்தில், வீட்டு மாடியில் 1 கிலோவாட் போட்டால் 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 மானியம். பெயரில் இலவச மின்சாரம் என்று இருந்தாலும் முதலில் செலவழிப்பது நீங்கள்தான். வேலை முடிந்து நெட் மீட்டர் (நீங்கள் வெளியே அனுப்பும் கரண்டையும் வாங்கும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைத்த பிறகே மானியம் உங்கள் கணக்குக்கு வரும்.

பில்லில் ஆர்.ஆர். நம்பர், அதாவது மின் இணைப்பு எண், யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் அதே பெயர் இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியலே வினையாகிறது. பில்லில் கே. முருகேசன், ஆதாரில் முருகேசன் கருப்பையா என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பில் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால், பேனல் விலை கேட்கும் முன்பே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, காத்தா (வீட்டுச் சொத்து யார் பெயரில் என்று காட்டும் பதிவு), மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் என்று கேட்பார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டால் பரவாயில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு தாள் குறைகிறது என்பார்கள், கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். அதனால் முதல் நாளே என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கொடுத்ததற்கெல்லாம் தேதி போட்ட ரசீது கேளுங்கள்.

அடுத்து, "உங்க லோடு பத்தாது, இன்ஜினியர் வந்து பார்க்கணும்" என்று ஒரு பேச்சு வரும். லோடு என்றால் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்சுமை. மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி, 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை. லோடு உயர்த்த வேண்டியிருந்தாலும் அது மின் நிறுவனத்தின் வேலை. வேலை முடிந்த பின் இணைப்பை இயக்கித் தர 15 நாள்தான் கெடு. அந்த விதி இருக்கும் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஏஜெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் செல்போன் எண்ணிலேயே பதிவு செய்யுங்கள். அவர் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும். மானியம் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் ஒரு விருப்பமும் அந்தத் தளத்தில் உண்டு, அதை உங்களுக்காக வேறு யாரும் அழுத்தக்கூடாது. இந்தியாவில் செய்த சோலார் செல் கொண்ட பேனலுக்குத்தான் மானியம், அதை டி.சி.ஆர். என்பார்கள். விலை குறைவு என்று வேறு பேனலைத் தலையில் கட்டினால் 78,000 போச்சு. பேனல் வாங்கும் பில்லில் டி.சி.ஆர். என்று எழுதி வாங்குங்கள். நிறுவனம் அரசுத் தளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், கடைசித் தவணையை நெட் மீட்டர் மாட்டும்வரை பிடித்து வையுங்கள்.

எல்லா வீட்டுக்கும் இது லாபமில்லை. கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் மாதம் 200 யூனிட்டுக்குள் பில் பூஜ்யமாக வரும் வீடு என்றால், இதற்காகக் கடன் வாங்கவே வாங்காதீர்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு மாடி சொந்தமில்லை. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். 20க்கு 30 அடி சைட்டில் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் இரண்டு மாடி எழுப்பினால் உங்கள் வெயில் போய்விடும். பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் கூடவே நின்றுவிடும். இதை எந்த ஏஜெண்டும் தானாகச் சொல்வதில்லை.

நெட் மீட்டர் வைத்து ஒரு மாதமாகியும் மானியம் வரவில்லையென்றால், ஏஜெண்டுக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். விண்ணப்ப எண்ணோடு திட்டத்தின் உதவி எண் 15555க்கு அழைத்து, புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேசும்போது அந்த எண்ணிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.