பாக்கெட் எங்கே தொலைகிறது?

"வேகச் சோதனை 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் தொலைதூரக் கிளை அலுவலகத்தோடு வீடியோவில் பேசினால் குரல் விட்டுவிட்டு வருகிறது. கோளாறு எங்கே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

வேகச் சோதனை பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரோடு, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கிறது. கிளை அலுவலகத்துக்குப் போகும் பாதை வேறு. இணையத்தில் தரவு, பாக்கெட் என்னும் சிறு துண்டுகளாகத்தான் போகிறது. அந்தப் பாதையில் ஒரு பாக்கெட் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது, நூற்றில் எத்தனை வழியிலேயே தொலைகின்றன என்பதுதான் இங்கே கேள்வி.

தாமதத்தில் ஒரு பகுதியை யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அப்படியென்றால் 1,000 கிலோமீட்டர் தூரம் போய்வர 10 மில்லிநொடி. அதற்கு மேல் ஆகும் நேரத்தில் பெரும்பங்கு, வழியில் பாக்கெட்டை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும் ரவுட்டர் கருவிகளில் அது வரிசையில் காத்திருக்கும் நேரம். வரிசைக்கான நினைவகம் நிரம்பிவிட்டால் புதிதாக வரும் பாக்கெட்டை ரவுட்டர் தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் நெரிசலில் முதலில் தாமதம் ஏறுகிறது, அப்புறம் இழப்பு தொடங்குகிறது.

போய்வரும் நேரத்தை அளக்க பிங் போதும். 1983-இல் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் அது. தாமதம் இருப்பதை பிங் சொல்லும். எந்த இடத்தில் என்பதைச் சொல்லாது. அதற்கு, ஸ்டீவ் டீரிங் சொன்ன யோசனையிலிருந்து வான் ஜேக்கப்சன் உருவாக்கிய வழி, நெட்வொர்க் உலகிலேயே எனக்கு மிகவும் பிடித்த உத்தி.

ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் தலைப்பிலும், அதாவது முகவரி இருக்கும் முன்பகுதியிலும், டிடிஎல் என்று ஓர் ஆயுள் எண் உண்டு. கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூஜ்யமானால் ரவுட்டர் அந்தப் பாக்கெட்டை அழித்துவிட்டு, அனுப்பியவருக்கு 'ஆயுள் முடிந்தது' என்று தகவல் அனுப்பும். தவறான அமைப்பால் இரண்டு ரவுட்டர்கள் ஒரே பாக்கெட்டை மாறி மாறித் தள்ளிவிட்டால் அது முடிவில்லாமல் சுற்றக் கூடாதே, அதற்கான ஏற்பாடு இது. ஜேக்கப்சன் இதையே பாதையைக் கண்டுபிடிக்கும் கருவியாக்கிவிட்டார். டிடிஎல் 1 என்று போட்டு அனுப்பினால் முதல் ரவுட்டரிலேயே பாக்கெட் சாகும். அந்தத் தகவலோடு முதல் ரவுட்டரின் முகவரியும் வந்துவிடும். 2 என்று போட்டால் இரண்டாவது ரவுட்டர், 3 என்றால் மூன்றாவது. சரி, கடைசி இடம் வந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று சொல்லும் எண்ணுக்கு போர்ட் எண் என்று பெயர். யாரும் பயன்படுத்தாத ஒரு போர்ட் எண்ணுக்கு அனுப்புகிறார். சேர வேண்டிய கணினி 'இப்படி ஒரு போர்ட் இங்கே இல்லை' என்று பதில் அனுப்பும், பாதை முடிந்தது. எந்த ரவுட்டரிலும் புதிதாக எதையும் நிறுவாமல், செத்த பாக்கெட்டுகளை வைத்தே முழுப் பாதையும் வரைந்தாயிற்று. இதுதான் டிரேஸ்ரூட்.

இதைப் படிப்பதில் ஒரு மூடநம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆறாவது ரவுட்டரில் 40% இழப்பு என்று காட்டினால் உடனே அதைக் குற்றவாளியாக்கிவிடுகிறார்கள். ஏழாவதிலும் கடைசியிலும் இழப்பு பூஜ்யம் என்றால் ஆறாவது ரவுட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் பொருள். பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் வேலையைத் தனிச் சிப்புகள் பார்க்கின்றன. செத்த பாக்கெட்டுக்குப் பதில் எழுதும் வேலை பொதுவாக ரவுட்டரின் சிறிய பிராசசருக்கு. அந்தப் பதில்களுக்கு ரவுட்டர்கள் வேண்டுமென்றே வரம்பு வைக்கின்றன. ஓர் இடத்தில் தொடங்கி, கடைசி வரை தொடரும் இழப்பே உண்மையான இழப்பு. இன்னொன்று, திரும்பி வரும் பாதை போன பாதையாகவே இருக்க வேண்டியதில்லை. அதனால் இரண்டு முனைகளிலிருந்தும் அளக்க வேண்டும்.

சராசரியையும் நம்பாதீர்கள். நூறு பிங்கில் 95 முறை 20 மில்லிநொடி, 5 முறை 400 மில்லிநொடி என்றால் சராசரி 39. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பேச்சில் அந்த ஐந்தும் நேரம் கடந்து வருவதால் தொலைந்ததற்குச் சமம். டோபி ஓட்டிக்கரின் ஸ்மோக்பிங் கருவி ஒவ்வொரு சுற்றிலும் பல பிங்குகளை அனுப்பி, நடு மதிப்பைக் கோடாகவும் சிதறலைப் புகையாகவும் வரைகிறது. புகை தடிக்கும் நேரமே தொல்லை வரும் நேரம்.

இழப்பு 1% தானே என்று விட்டுவிடவும் முடியாது. மாத்திஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1997-இல் வெளியிட்ட சூத்திரப்படி, பழைய வகை டிசிபி (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் முறை) இணைப்பின் வேகம் போய்வரும் நேரத்துக்கும், இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் எதிர்விகிதத்தில் இருக்கும். 100 மில்லிநொடித் தாமதமும் 1% இழப்பும் சேர்ந்தால் ஓர் இணைப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1.4 எம்பிபிஎஸ். லைன் 100 எம்பிபிஎஸ் ஆக இருந்தாலும் அவ்வளவுதான்!

மூஸ், ஜேக்கப்சன் இருவருமே அரசுப் பணத்தில் இயங்கிய ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்தவர்கள். உடனடி லாபம் தராத இப்படிப்பட்ட அளவைக் கருவிகளுக்குப் பொதுப்பணம் தாராளமாகப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விளம்பர வேகத்தைச் சரிபார்க்கப் பயனாளர் கையில் வேறு என்ன இருக்கிறது?

கேள்வி கேட்ட வாசகர் இரு முனைகளிலும் ஸ்மோக்பிங் வைத்துக் குறைந்தது ஒரு முழு நாள் அளந்து பார்க்கட்டும். பெரிய கோப்பு ஏதாவது அப்லோடு ஆகும்போது மட்டும் தாமதம் எகிறினால், வரிசை நிற்பது பெரும்பாலும் அவருடைய சொந்த ரவுட்டரில். அதில் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வரிசை மேலாண்மை வசதி இருந்தால் அதை இயக்கிவிடலாம். அலுவலகமே காலியாக இருக்கும்போதும் கடைசி வரை இழப்பு தொடர்ந்தால், அந்த வரைபடத்தை நேரக் குறிப்போடு சேவை நிறுவனத்துக்கு அனுப்பலாம்.