இன்ஃபினிடிவ்: வெறும் ‘வினையெச்சம்’ என்றால் போதுமா?

ஆங்கிலத்தில் ‘டு ஈட்’, ‘டு ரீட்’ என ‘டு’வோடு வரும் வினைவடிவம்தான் இன்ஃபினிடிவ். இலத்தீனில் ‘ஃபீனிஸ்’ என்றால் எல்லை. முன்னால் ‘இன்’ சேர, எல்லைப்படாதது. நானோ அவளோ அவர்களோ, ‘டு ஈட்’ மாறாது. தன்மை, படர்க்கை என்ற இடமும், ஒருமை, பன்மை என்ற எண்ணும் அதைக் கட்டுவதில்லை. தமிழில் வினையெச்சம் என்று எழுதிவிட்டுப் போகிறோம். எஞ்சி நிற்பது எச்சம், பொருத்தமான பெயர்தான். ஆனால் வீச்சு பெரிது: நன்னூல் அடுக்கும் ‘செய்து’, ‘செய’, ‘செயின்’ எல்லாமே வினையெச்சம். குறிப்பாகச் சொல்வதென்றால் ‘செய’ வாய்பாட்டு எச்சம்: உண்ண, படிக்க, ஓட்ட.

பெயரடையோடு (அட்ஜெக்டிவ்) சேர்ந்தால் இதுவும் முழுக்கப் பொருந்தாது. ‘ஈஸி டு ரீட்’ என்பது படிக்க எளிது. எளிது குறிப்பு வினைமுற்று, அதாவது காலத்தை வெளிப்படையாகக் காட்டாமலே வாக்கியத்தை முடிக்கும் சொல். எச்சம் அதைக் கொண்டு முடிகிறது, ‘இஸ்’ஸுக்கு வேலையில்லை. பேச்சில் ‘படிக்கறதுக்கு ஈஸி’. ஓசூர்ப் பக்கம் கன்னட வீட்டில் ‘ஓதோக்கே சுலப’, தெலுங்கு வீட்டில் ‘சதவடானிகி சுலபம்’. மூன்று வீட்டிலும் ‘கு’ வேற்றுமைதான். சரி, ‘சாரி டு ஹியர்’? ‘கேட்க வருத்தம்’ என்று யாரும் பேசுவதில்லை. கேட்டு வருந்தினேன். கேட்டது முந்தி, வருத்தம் பிந்தி. ஆகவே ‘செய்து’ எச்சம். ‘கிளாட் டு மீட் யூ’ இன்னும் விலகி, ‘சந்தித்ததில் மகிழ்ச்சி’ ஆகிறது. நடந்துவிட்டதைப் பற்றிய உணர்ச்சிப் பெயரடை வந்தால் ‘செய’வைத் தொடாதீர்கள்.

திரும்பி ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் வழுக்கல் அதிகம். ‘எனக்கு வர்றது கஷ்டம்’ என்பதை ‘ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம்’ என்கிறார்கள். ஈஸி, ஹார்ட், டிஃபிகல்ட், டேஞ்சரஸ் வரும் வாக்கியத்தில் எழுவாய் செய்பவர் அல்ல, செயலுக்கு உள்ளாவது. கிருஷ்ணகிரி மண்டியில் கிடக்கும் பெங்களூரா மாங்காய் ‘ஈஸி டு கட்’, அறுபடுவது மாங்காய். அதனால்தான் ‘டு கட் இட்’ என்று ‘இட்’டைத் திரும்ப ஒட்டக்கூடாது. வருபவர் நீங்கள் என்றால் ‘இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம்’. நம் ‘எனக்கு’தான் அந்த ‘ஃபார் மீ’. ஈகர், அஃப்ரெய்ட் போன்றவற்றில் எழுவாயே செய்பவர். ‘ரெடி’ இரண்டு பக்கமும் சாயும்: பையன் ‘ரெடி டு ஈட்’ என்றால் அவன் சாப்பிடுவான், மாம்பழம் என்றால் அதை நாம் சாப்பிடுவோம்.

இன்னொன்று, உருபு தொலைவது. தொப்பூர் கணவாயைப் பற்றி ‘வண்டி ஓட்ட ஆபத்தான ரோடு’ என்கிறோம். ரோட்டில் ஓட்டுகிறோம், ஆனால் அந்த ‘இல்’ வாக்கியத்தில் வராது. தமிழுக்கு அது தேவையில்லை. ஆங்கிலத்தில் விடக்கூடாது: ‘டேஞ்சரஸ் டு டிரைவ் ஆன்’. கடைசி ‘ஆன்’ விட்டுப்போனால் வாக்கியம் நொண்டும். ‘கம்ஃபர்டபிள் டு சிட் ஆன்’, ‘நைஸ் டு டாக் டு’ எல்லாம் இதே கதை.

‘டு’வையே ஏற்காத பெயரடைகளும் உண்டு. ‘பிஸி டு குக்’ தவறு, ‘பிஸி குக்கிங்’. ஒகேனக்கல் ‘வொர்த் டு சீ’ அல்ல, ‘வொர்த் சீயிங்’. தமிழில் அதுவோ பழையபடி ‘செய’வுக்கே வந்துவிடும்: பார்க்கத் தகுந்தது.