பிரேக் டிஸ்க்கைக் கடைவதா, மாற்றுவதா?

“பதினைந்து வருடப் பழைய வேன். பிரேக் பிடித்தால் மிதி துடிக்கிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் மேற்பரப்பைச் சீவிக் கடைந்தால் போதும் என்கிறார் மெக்கானிக். கடையவா, மாற்றவா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வால் வெப்பமாக்குவதுதான் பிரேக்கின் வேலை. 2,500 கிலோ வேன் 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 600 கிலோஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். பெரும்பகுதியை முன்சக்கரங்களோடு சுழலும் இரும்பு வட்டுகளான டிஸ்க்குகளே வாங்கிக்கொள்கின்றன. டிஸ்க் மெலிய மெலிய அதே மிதிக்கு அதிகம் சூடாகும்.

சரி, துடிப்பு எப்படி வருகிறது? பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. டிஸ்க் மாட்டப்படும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் படிந்த துரு டிஸ்க்கை மிக லேசாகச் சாய்த்துவிடும். தடிமன் எங்கும் ஒன்றுதான், ஆனால் சுழலும்போது தள்ளாடும். அப்போது பிரேக் பிடிக்காவிட்டாலும் டிஸ்க்கின் ஓரிடம், அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகளான பேடுகளில் வெளிப்பக்க பேடை உரசும். அதற்கு நேரெதிரான இடம் உட்பக்க பேடை உரசும். சுற்றுக்கு ஒரு தொடுதல். சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 முறை சுற்றுகிறது. 10,000 கிலோமீட்டரில் 50 லட்சம் தொடுதல்கள்! அந்த இரண்டு இடங்களும் மெல்ல மெல்லத் தேய்கின்றன. தலைமுடியின் பருமனில் கால்வாசி வித்தியாசம் வந்தாலே போதும், தடித்த பகுதி வரும்போதெல்லாம் பேடுகளை அழுத்தும் கவ்வியான காலிப்பரின் பிஸ்டன் பின்னே தள்ளப்பட்டு, பிரேக் ஆயில் வழியே உங்கள் பாதத்துக்குச் சேதி வந்துவிடும். சாலையில் ஓடியே ஒரு வட்டு தன்னைச் செதுக்கிக்கொள்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆகவே ஹப்பைத் துரு போகத் தேய்க்காமல் டிஸ்க்கை மட்டும் கடைந்து மாட்டினால் துடிப்பு திரும்பி வரும். நீலத் திட்டுகள் தெரிந்தால் கடைவதால் பலனில்லை. கடும் சூட்டில் அங்கே இரும்பு, சிமென்டைட் என்னும் கடினமான கார்பைடாக மாறி உள்ளேயும் இறங்கியிருக்கும். வெடிப்பு இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

மற்றபடி தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டர்தான் முடிவு சொல்லும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகும் அதைவிடத் தாராளமாக மிஞ்சினால் கடையலாம். அந்த அளவை ஒட்டி நின்றால் வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குமுன் சக்கரத்தடியில் எலுமிச்சை வைப்பவர்கள், அந்தச் சக்கரத்துக்குள் இருக்கும் டிஸ்க்கை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வரும் ஒவ்வொரு பழைய வேனிலும் இந்த அளவைக் குறித்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாற்றுவதானால் இரு பக்கமும் சேர்த்து, புது பேடுகளோடு மாற்றுங்கள். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.